கான்ஸ்டிடியூஷன் ஹில்: சிறைச் செங்கற்களால் எழுந்த நீதிமன்றம்

ஜொகன்னஸ்பர்க் நகரில், பழைய கோட்டைச் சிறை இருந்த குன்றின் மேல் அமைந்துள்ள கான்ஸ்டிடியூஷன் ஹில் வளாகத்தை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்த்தேன். 1983இல் மூடப்பட்ட சிறைகள் அருங்காட்சியகங்களாகவும், தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவற்றின் நடுவிலும் இருக்கின்றன. குறுகிய சுற்று, முழுச் சுற்று என இரண்டு வகை உண்டு. நேரம் இருப்பவர்கள் முழுச் சுற்றையே எடுத்துக்கொள்ள வேண்டும். சிறையைப் பார்க்காமல் நீதிமன்றத்துக்குள் நுழைபவருக்கு அந்தக் கட்டடம் பாதிதான் புரியும்.

கறுப்பின ஆண்களை அடைத்துவைத்த 'நம்பர் ஃபோர்' சிறையில், எந்த இனத்தவருக்கு எவ்வளவு உணவு என்று வகுத்திருந்த பட்டியலின் முன் நெடுநேரம் நின்றேன். பசியைக்கூட நிறம் பார்த்துப் பிரித்த அரசு அது. 1908 ஜனவரியில் காந்தியும் அவருடன் போராடிய தமிழர் தம்பி நாயுடுவும் இதே ஜொகன்னஸ்பர்க் சிறை வளாகத்தில் இருந்தபடியே அரசுடனான சமரசக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள் என்பதை அறிந்த தமிழருக்கு, இந்த முற்றம் அயலிடமாகத் தோன்றாது.

என்னுடன் ஊருக்குக் கொண்டுவந்தது ஒரு கேள்வி: உலகத்தின் கருத்தைக் கேட்டு ஒரு நாடு தன் அறத்தை முடிவு செய்ய வேண்டுமா? நிறவெறி அரசு, இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றே பல்லாண்டுகள் பதில் சொன்னது. 1946இலேயே இந்தியா ஐ.நா.வில் தென்னாப்பிரிக்காவிலுள்ள இந்தியர்கள் நடத்தப்படும் விதத்தைப் பற்றி முறையிட்டது. 1977இல் பாதுகாப்பு அவை கட்டாய ஆயுதத் தடையை விதித்தது. ஆனால் அதே அவையில்தான், 1974இல் தென்னாப்பிரிக்காவை ஐ.நா.விலிருந்து வெளியேற்றும் தீர்மானத்தை அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் வீட்டோ செய்தன. உலகம் என்று நாம் சொல்வது ஒரே குரல் அல்ல.

இந்தக் கேள்விக்கு நான் அறிந்தவற்றுள் மிக நேர்மையான விடை, இந்த நீதிமன்றம் 1995 ஜூன் 6 அன்று மக்வான்யானே வழக்கில் மரண தண்டனையை ஒழித்தபோது அளித்தது. அப்போது இந்தக் கட்டடம் எழும்பியிருக்கவில்லை. மக்களில் பெரும்பான்மையினர் தூக்குத் தண்டனையை விரும்புகிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்டே, உரிமைகளின் பொருளைத் தீர்மானிப்பது அந்த விருப்பம் அல்ல என்று தலைமை வகித்த ஆர்தர் சாஸ்கல்சன் எழுதினார். அதற்காக நீதிமன்றம் உலகத்திடம் முடிவை ஒப்படைத்துவிடவும் இல்லை. மரண தண்டனையை ரத்து செய்த ஹங்கேரி நீதிமன்றத்தின் 1990ஆம் ஆண்டுத் தீர்ப்பையும், மரண தண்டனை செல்லும் என்ற இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1980ஆம் ஆண்டு பச்சன் சிங் தீர்ப்பையும், அமெரிக்க அனுபவத்தையும் எடுத்துப் பரிசீலித்தது. அந்தந்த அரசியலமைப்பின் சொற்கள் தங்களுடையதிலிருந்து எங்கே வேறுபடுகின்றன என்றும் காட்டியது. பதினொரு நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தபோதிலும் ஒவ்வொருவரும் தத்தம் காரணங்களைத் தனியே எழுதினார்கள். அவர்களில் சிலர், மனிதர் மற்ற மனிதரால்தான் மனிதராகிறார் என்னும் 'உபுண்டு' என்ற ஆப்பிரிக்கக் கோட்பாட்டில் தங்கள் அடிப்படையைக் கண்டார்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். உலகை முழுவதும் கேட்டவர்கள், பிறகு தங்கள் மண்ணின் சொல்லால் முடிவைச் சொன்னார்கள்.

1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 39ஆம் பிரிவும் இதே அளவோடு எழுதப்பட்டிருக்கிறது: உரிமைகளுக்குப் பொருள் காணும்போது சர்வதேசச் சட்டத்தை நீதிமன்றம் கருத்தில் கொண்டே ஆக வேண்டும், பிற நாட்டுச் சட்டங்களைக் கருத்தில் கொள்ளலாம். கீழ்ப்படிய வேண்டும் என்று அது சொல்லவில்லை. அயலாருக்குச் செவிமடுக்க மறுக்கும் நாடு நம்பர் ஃபோர் போன்ற சிறையைக் கட்டிவிட்டு அதை உள்நாட்டு விவகாரம் என்று அழைக்கும். அயலார் சொன்னதற்காக மட்டுமே மாறும் நாடு, அவர்கள் பேச்சு மாறும்போது தானும் மாறிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2004இல் திறக்கப்பட்ட கட்டடம் இந்த எண்ணத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது. முன்கூடத்துத் தூண்கள் மரங்களைப் போலச் சாய்ந்து நிற்கின்றன. மரத்தடியில் நீதி சொல்லும் வழக்கத்தின் நினைவு அது. விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்பதால், அமர்வு நாளில் செல்வது இன்னும் நல்லது. விசாரணைக்காகக் காத்திருந்தவர்களை அடைத்துவைத்த கட்டடத்தை இடித்தெடுத்த செங்கற்களே நீதிமன்ற மண்டபத்தின் சுவர். இடிக்காமல் விட்ட நான்கு படிக்கட்டுக் கோபுரங்கள் இன்னும் அருகில் நிற்கின்றன. மண்டபத்தின் நீளமான கண்ணாடிப் பட்டை வழியாக வெளியே நடந்துபோகிறவர்களின் கால்கள் தெரிகின்றன. நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் பள்ளிக் குழந்தைகளின் கால்கள் வரிசையாகக் கடந்துபோயின.