கிழக்குக் கடற்கரைச் சாலை, நாகப்பட்டினத்துக்குத் தெற்கேயும் போங்கள்

ஈசிஆர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சென்னை–புதுச்சேரி மட்டும்தான். பல வருடங்களாக இதே சாலையில் ராமேஸ்வரம் வரை கார் ஓட்டுகிறவன் என்ற முறையில் என் கருத்து வேறு. அந்த முதல் 150 கிலோமீட்டரை விடிவதற்குள் பெரும்பாலும் கடந்துவிடுங்கள். மிச்சப்படும் நேரத்தை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே செலவழியுங்கள். மாமல்லபுரத்துக்கு அப்புறம் நான்கு வழிச் சாலை வேலையால் மாற்றுப்பாதைகள் நிறைய. சனி, ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் போனால் பொறுமை போய்விடும்.

எப்போது போவது என்பதுதான் முதல் கேள்வி. தை, மாசிக்கு ஈடே கிடையாது. மழை ஓய்ந்து வெயில் ஏறாமல் இருக்கும், கோடியக்கரையில் வலசை வந்த பறவைகளும் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் வந்தது. அந்த மாதங்களில் கிளம்பியே ஆக வேண்டுமென்றால் கடலூர், நாகை துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்றியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், அவ்வளவுதான்.

மீன் சாப்பிடுவதற்காகவே போகிறவர்கள் ஒரு தேதியை மனதில் வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கரையில் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது ஓட்டலில் வஞ்சிரம் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஐஸ் பெட்டியிலிருந்து வந்ததாக இருக்கும். “நாட்டுப்படகு மீன் இருக்கா?” என்று கேளுங்கள். மத்தியோ நண்டோ, அன்று கரைக்கு வந்தது எதுவோ அதைச் சாப்பிடுவதுதான் ருசி. அதே சித்திரை, வைகாசியில் நுங்கும் பதநீரும் ராமநாதபுரம் பக்கம் சாலையோரத்திலேயே கிடைக்கும். பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

இனி வண்டி. கடற்கரைச் சாலையில் காருக்குப் பெரிய எதிரி உப்பு. இரவில் கடலோர விடுதியில் நிறுத்தினால் காலையில் கண்ணாடி முழுக்க உப்புப் படலம் படிந்திருக்கும். வைப்பரை அப்படியே போட்டால் அது கண்ணாடி முழுக்க இழுவிக்கொள்ளும். எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் பாதையே தெரியாது. இதற்கென்றே ஒரு பெரிய பாட்டிலில் நல்ல தண்ணீர் வைத்திருக்கிறேன். முதலில் ஊற்றிக் கழுவி, பிறகுதான் வைப்பர். காலையில் முதல் சில பிரேக்கில் கரகர சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், டிஸ்க்கில் படிந்த மேல் துரு தேய்கிறது. ஆனால் பேட்டரி முனைகளில் வாசலின் தடவி வையுங்கள். வீடு திரும்பியதும் காரின் அடிப்பக்கத்தையும் சேர்த்து வாட்டர் வாஷ் செய்யுங்கள். இதில் சோம்பல் வேண்டாம், துரு கீழேயிருந்துதான் ஏறும்.

டெல்டாவுக்குள் அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லும் வைக்கோலும் காயும். அந்த ஊர் மக்களுக்கு அதுதான் களம். ஹாரன் அடித்து அவசரப்படுத்தாமல் மெதுவாகப் போங்கள். வைக்கோல் மேல் காரை நிறுத்தவே கூடாது, சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். இரண்டு சக்கர வண்டியில் போகிறவர்கள் வளைவுகளில் காற்று கொண்டுவந்து சேர்த்திருக்கும் மணலையும் பார்த்துத் திரும்ப வேண்டும். இருட்டிய பிறகு ஆடு, மாடு குறுக்கே வந்தால் கடைசி நொடியில்தான் தெரியும். நான் ஆறு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை.

திருத்துறைப்பூண்டியில் டேங்கை நிரப்பிக்கொண்டு முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று இறங்கும் பகுதிதான் எனக்கு இந்தச் சாலையிலேயே பிடித்தது. சுற்றுலாப் பேருந்துகள் குறைவு. மல்லிப்பட்டினம் பக்கத்தில், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகத் தஞ்சை சரபோஜி மன்னர் 1814-ல் கட்டிய மனோரா என்ற கோபுரம் நிற்கிறது. கட்டாயம் இறங்கிப் பாருங்கள்.

குளியல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சென்னை முதல் புதுச்சேரி வரை கடல் பார்க்க அழகு, அடியில் இழுப்பு அதிகம்; வருடா வருடம் உயிர்ப்பலி நடக்கிறது. இழுத்துவிட்டால் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலக வேண்டும். தனுஷ்கோடியில் ஒரு பக்கம் அமைதியான ‘பெண் கடல்’, மறுபக்கம் சீறும் ‘ஆண் கடல்’ என்பார்கள். ஆண் கடல் பக்கம் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரிச்சல்முனைக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது, மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

புதுச்சேரியில் மட்டுமில்லை, காரைக்காலிலும் எல்லைச் சோதனை உண்டு. வண்டியில் மது பாட்டில் வேண்டாம். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், பின்னால் வருகிறவர்களுக்கு ஆபத்து. ஆடி, தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பது மிகக் கஷ்டம். அந்த நாட்களில் ராமநாதபுரத்தில் தங்கிவிட்டு விடியலில் கிளம்புங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும்.