மலையுச்சித் தகர்ப்பை எதிர்க்க ஐந்து வழிகள்: அப்பலாச்சியாவில் எது எவ்வளவு பலித்தது?

உள்ளூர்ப் பத்திரிகையில் சட்ட அறிவிப்புகள் வரும் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுமதி கேட்கும் நிறுவனத்தின் பெயர், விண்ணப்ப எண், எந்த ஓடையை ஒட்டி என்ற விவரம். வாரம் ஒரு முறை, தொடர்ந்து நான்கு வாரம் வரும். கடைசி அறிவிப்புக்குப் பின் 30 நாள் கழிந்தால் ஆட்சேபம் சொல்லும் காலம் முடிந்தது. அமெரிக்காவின் கிழக்கிலுள்ள அப்பலாச்சிய மலைப்பகுதியில், மேற்கு வர்ஜீனியாவிலும் கிழக்கு கென்டக்கியிலும் எத்தனையோ பள்ளத்தாக்குகளின் தலையெழுத்து அந்தக் கட்டத்தில்தான் எழுதப்பட்டது.

மலையுச்சித் தகர்ப்பு என்றால் நிலக்கரிப் படிவத்துக்கு மேலிருக்கும் காட்டையும் மண்ணையும் பாறையையும் வெடிவைத்து அகற்றி, அந்த இடிபாட்டைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டுவது. அப்படிக் கொட்டியதில் ஏறக்குறைய 2,000 மைல் நீள மலையோடைகள் புதைந்துவிட்டதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே கணக்கிட்டது. இதை எதிர்த்த ஊர்மக்கள் ஐந்து வழிகளில் போனார்கள்: அனுமதியை எதிர்த்து வழக்கு, தண்ணீரை அளந்து வழக்கு, ‘சுரங்கத்துக்கு ஏற்ற நிலமல்ல’ என்று மனு, கடன் கொடுக்கும் வங்கிக்கு நெருக்கடி, நேரடி மறியல். ஐந்தும் தேவை என்று சொல்வது எளிது. பத்துப் பேர் மட்டுமே இருக்கும் ஒரு பள்ளத்தாக்கால் ஐந்தையும் செய்ய முடியாது என்பதால்தான் இந்த ஒப்பீடு.

அனுமதியை எதிர்த்து வழக்கு

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அதிகம் ஏமாற்றியதும் இதுதான். 1977-ல் வந்த மேற்பரப்புச் சுரங்கச் சட்டத்தின் கீழான விதியொன்று, ஓடைக்கு 100 அடிக்குள் தோண்டுவதைக் கட்டுப்படுத்தியது. ஓடையின் மேலேயே இடிபாட்டைக் கொட்டுவது இந்த விதிக்கு முரண் என்று 1999 அக்டோபரில் மத்திய நீதிமன்ற நீதிபதி சார்லஸ் ஹேடன் தீர்ப்பளித்தார். 2001-ல் ரிச்மண்டிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. ஓடையைப் பற்றிய வாதத்தை அது தொடவே இல்லை. மாநில அதிகாரியின் மேல் மத்திய நீதிமன்றத்தில் இப்படி வழக்குப் போட முடியாது என்று சொல்லி முடித்துவிட்டது. 2002-ல் ஹேடன் வேறொரு வழக்கில், சுரங்கக் கழிவை ‘நிரப்பு மண்’ என்று கருதி ஓடையில் கொட்ட அனுமதி வழங்கும் அமைப்பான ராணுவப் பொறியாளர் படை அனுமதி தரக்கூடாது என்றார். அதே மாதத்தில் ‘நிரப்பு’ என்ற சொல்லின் வரையறையையே அரசு மாற்றி எழுதியது. 2003-ல் மேல்முறையீட்டிலும் தோல்வி. 2007-ல் அந்தப் படையின் அனுமதிகளுக்கு எதிராக நீதிபதி சேம்பர்ஸ் தந்த தீர்ப்பும் 2009-ல் கவிழ்ந்தது. கீழே மூன்று வெற்றி, மேலே மூன்று தோல்வி.

அதற்காக இது வீண் என்று தள்ளிவிட முடியாது. மேற்கு வர்ஜீனியாவின் லோகன் கவுன்டியிலுள்ள ஸ்ப்ரூஸ் எண் 1 சுரங்கம் முதலில் 3,000 ஏக்கருக்கு மேல் திட்டமிடப்பட்டது. வழக்கால் தாமதமாகி, சுருங்கி, 2007-ல் 2,278 ஏக்கராக அனுமதி பெற்றது. 2011 ஜனவரியில் சுற்றுச்சூழல் முகமை ஓடைகளைப் புதைக்கும் அனுமதியின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது. ஆறு மைலுக்கு மேல் ஓடை தப்பியது. முதல் வழக்கு 1998-ல் தொடங்கியது என்பதால் கணக்குப் போட்டால் 13 ஆண்டுகள். இந்த வழி வாங்கிக் கொடுத்தது பெரும்பாலும் காலத்தை. அந்தக் காலத்தை வேறு எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் பலன் இருந்தது.

இந்த வழியில் போகிறவர்கள் ஆட்சேபக் கடிதத்திலேயே சறுக்குகிறார்கள். ஒரே மாதிரி அச்சடித்த ஆயிரம் கடிதங்களை அலுவலகம் ஒரே கருத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். கடிதத்தில் எழுப்பாத குறையைப் பின்னால் நீதிமன்றத்தில் எழுப்பினால், “அப்போதே ஏன் சொல்லவில்லை?” என்ற கேள்வி வரும். ஓடையின் பெயர், கிளையின் பெயர், வீட்டுக் கிணற்றின் ஆழம், கல்லறைத் தோட்டம் எத்தனை அடி தூரம் என்று எழுத வேண்டும். கல்லறைக்கு 100 அடிக்குள்ளும் குடியிருக்கும் வீட்டுக்கு 300 அடிக்குள்ளும் தோண்டக்கூடாது என்பது சட்டம்; வீட்டு உரிமையாளரே கையெழுத்துப் போட்டால்தான் அந்த 300 அடியில் தளர்வு. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலகம் தயாரிக்கும் ‘ஒட்டுமொத்த நீர்வளத் தாக்க மதிப்பீடு’ என்றொரு கோப்பு இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். அதே நீர்ப்பிடிப்பில் ஏற்கெனவே இருக்கும் சுரங்கங்களைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் தவறவிடக்கூடாது. அனுமதிப் பகுதிக்கு அரை மைலுக்குள் வீடு இருந்தால், வெடிவைப்புக்கு முந்தைய ஆய்வை எழுத்தில் கேட்கலாம். நிறுவனம் தன் செலவில் செய்து தர வேண்டும். சுவர், அடித்தளம், கிணறு எல்லாம் அன்று எப்படி இருந்தன என்பதற்கு அதுதான் சாட்சி. அது இல்லாவிட்டால் நாளைக்கு விரிசல் விழும்போது “பழைய விரிசல்” என்று கைகழுவிவிடுவார்கள்.

தண்ணீரை அளந்து வழக்கு

முதல் வழியில் சட்டத்தின் பொருள் என்ன என்று நீதிபதி முடிவுசெய்ய வேண்டும். இங்கே அந்தச் சிக்கல் குறைவு: நீர் வெளியேற்ற உரிமத்தில் மாசின் வரம்பாக ஓர் எண் இருக்கிறது, ஓடையில் அளந்த ஓர் எண் இருக்கிறது, ஓடையின் எண் பெரிது. 1972-ன் தூய நீர்ச் சட்டம், மீறலைக் கண்ட குடிமக்கள் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் தாங்களே வழக்குப் போட இடம் தருகிறது.

அப்பலாச்சியாவில் அந்த எண் பெரும்பாலும் செலினியம் என்ற தனிமத்தினுடையது. பூமிக்குள் மூடிக்கிடந்த பாறை அடுக்கை உடைத்துக் காற்றும் மழையும் படும்படி கொட்டினால் அதிலிருந்து செலினியம் கசிகிறது. மீனின் முட்டைக்குள் போய்ச் சேர்ந்து குஞ்சுகளை ஊனமாக்குகிறது. பழைய நீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். சுத்திகரிப்பு நிலையம் கட்டப் பல கோடி டாலர் ஆகும், கட்டிய பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டும். 2010-ல் இப்படியொரு வழக்கில் பேட்ரியாட் கோல் நிறுவனத்துக்குச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 2012 நவம்பரில் அதே நிறுவனம், ஊர் அமைப்புகளோடு போட்ட உடன்பாட்டில், பெரிய அளவு மேற்பரப்புச் சுரங்கத் தொழிலையே படிப்படியாகக் கைவிட ஒப்புக்கொண்டது. அந்த வட்டாரத்தில் அப்படி ஒப்புக்கொண்ட முதல் நிறுவனம் அது. மூன்று அனுமதி வழக்குகளால் முடியாததை ஓர் எண் செய்தது, ஏனென்றால் அது நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் போய் உட்கார்ந்தது.

தொடங்க வேண்டிய இடம் ஓடை அல்ல, அலுவலகக் கோப்பு. ஒவ்வொரு வெளியேற்றக் குழாயிலும் நிறுவனமே மாதிரி எடுத்து அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கை பொது ஆவணம். 2010-ல் கென்டக்கியில் நான்கு அமைப்புகள் இந்தக் கோப்புகளைப் புரட்டியபோது, ஒரு காலாண்டின் எண்கள் அப்படியே அடுத்த காலாண்டிலும் இருப்பதைக் கண்டார்கள். தேதி மட்டும் வேறு. இரண்டு நிறுவனங்களின் மேல் 20,000-க்கும் அதிகமான மீறல்களைக் காட்டி முன்னறிவிப்புக் கொடுத்தார்கள். 60 நாள் முடியும் தறுவாயில், 7 லட்சம் டாலருக்கும் குறைவான அபராதத்தோடு மாநிலமே சமரசத்துக்குப் போனது. இந்த வழியின் பலவீனம் இதில் தெரிகிறது: அரசு தானே முனைப்பாக வழக்கு நடத்துகிறது என்றால் குடிமக்களின் வழக்குக்குக் கதவு சாத்தப்படும். அங்கே மாநில நீதிமன்றம் அமைப்புகளையும் தரப்பாகச் சேர்த்துக்கொண்டதால் விவகாரம் அமுங்கவில்லை.

கோப்பில் ஐயம் வந்தபின் ஓடைக்குப் போகலாம். நீரில் கரைந்த உப்புகள் கூடக் கூட எண் ஏறும் கையடக்க மின்கடத்துத்திறன் மானி ஒன்று போதும். ஒவ்வொரு நாளும் அளக்கும் முன் மின்கடத்துத்திறன் 1,413 மைக்ரோசீமென்ஸ் என்று தெரிந்த திரவத்தில் அதைச் சரிபார்த்து, சரிபார்த்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எழுதாத அளவீட்டை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு நிமிடத்தில் தூக்கி எறிவார். அப்பலாச்சிய ஓடைப் பூச்சிகளைக் காக்க 300 மைக்ரோசீமென்ஸ் என்ற அளவுகோலைச் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்டது. இடிபாடு கொட்டிய நிரப்புக்குக் கீழே பல ஓடைகளில் மானி 1,000-ஐத் தாண்டும். ஆனால் இது வழிகாட்டும் எண் மட்டுமே, உரிமத்தில் உள்ள வரம்பு அல்ல. எந்த ஓடையில் ஆய்வகத்துக்குப் பணம் செலவழிக்கலாம் என்று அது காட்டும்.

செலினிய மாதிரிக்கு ஆய்வகமே நைட்ரிக் அமிலம் இட்ட பிளாஸ்டிக் புட்டி தரும். அதை ஓடையில் முக்கி அலசக்கூடாது. அலசினால் அமிலம் போய்விடும். நிரப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒரே நாளில். நல்ல மழைக்கு மறுநாள் போனால் தண்ணீர் நீர்த்து எண் குறைந்து காட்டும். கோடையின் கடைசியில், ஓட்டம் மெலிந்திருக்கும்போதுதான் உண்மை நிலை தெரியும். கலங்கலுக்கு அது நேர்மாறு: வண்டல் குட்டை நிரம்பி வழிவது மழையில்தான். எடுத்தவர், வாங்கியவர், நேரம் என்று புட்டி கைமாறும் ஒவ்வொரு முறையும் படிவத்தில் கையெழுத்து வேண்டும். நிறுவன நிலத்தில் கால் வைத்து எடுத்த மாதிரி அத்துமீறல் வழக்கில் போய் முடியும். பொதுச் சாலைப் பாலத்திலிருந்தோ, அனுமதி தந்தவரின் கொல்லையிலிருந்தோ எடுங்கள். இரண்டு சுரங்கங்களின் நீர் கலந்தபிறகு எடுத்த மாதிரியால் யார் மேலும் பழி நிற்காது.

இந்த வழியிலும் ஓட்டைகள் உண்டு. நின்றுபோன பழைய மீறலுக்காக மட்டும் வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. மீறல் தொடர வேண்டும் அல்லது மீண்டும் நடக்க வாய்ப்பு இருக்க வேண்டும். உரிமத்தில் செலினியமே குறிப்பிடப்படாதபோது என்ன என்பதில் நீதிமன்றங்கள் பிரிந்து நிற்கின்றன: வர்ஜீனிய வழக்கில் 2014-ல் மக்கள் வென்றார்கள், கென்டக்கி வழக்கில் 2015-ல் தோற்றார்கள். இதைவிடப் பெரிய ஆபத்து திவால். பேட்ரியாட் 2012-ல் ஒரு முறையும் 2015-ல் மறுமுறையும் திவால் மனு போட்டது. நிறுவனம் போன பிறகும் செலினியம் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

ஏற்ற நிலமல்ல என்ற மனு

வென்றால் ஐந்திலும் நிலையானது இது. டென்னஸியில் ஃபால் க்ரீக் ஃபால்ஸ் பூங்காவைச் சுற்றி 61,000 ஏக்கருக்கு மேல் 2000-ல் இப்படித் தடைசெய்யப்பட்டது. வடக்கு கம்பர்லேண்டில் மலைமுகடுகளின் இருபுறமும் 600 அடி வீதம் ஏறக்குறைய 75,000 ஏக்கர் 2016 டிசம்பரில் காப்பாற்றப்பட்டது.

மனு வந்த 10 மாதத்துக்குள் விசாரணை, விசாரணை முடிந்த 60 நாளில் முடிவு என்கிறது சட்டம். நடப்பில் முதல் மனு 5 ஆண்டும் இரண்டாவது 6 ஆண்டும் எடுத்தன. அதோடு, அனுமதி விண்ணப்பத்தின் முதல் பத்திரிகை அறிவிப்பு வருவதற்கு முன்பே மனு போட்டிருக்க வேண்டும். பத்திரிகைக் கட்டத்தைப் பார்த்த பிறகு இது கை கொடுக்காது. மறுசீரமைப்பு சாத்தியமே இல்லை என்று நிரூபித்தால் தடை கட்டாயம். அழகு, வரலாறு, நீர்வளம் என்று காட்டினால் அதிகாரியின் விருப்பம். இரண்டாவது மனுவைப் போட்டது டென்னஸி மாநில அரசே என்பதையும் மறக்கக்கூடாது. ஊர்க்காரர்கள் மட்டும் போட்ட மனு அந்த எடையோடு போய்ச் சேராது.

வங்கியும் மறியலும்

வங்கியை நெருக்குவது பள்ளத்தாக்கில் இருப்பவர்களின் வேலை அல்ல, நகரத்தில் கணக்கு வைத்திருப்பவர்களின் வேலை. பிலடெல்பியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் குழு ஒன்று 2010-லிருந்து பி.என்.சி. வங்கியைக் குறிவைத்தது. கிளைகளில் அமைதியாக உட்கார்ந்தார்கள், வைப்புத் தொகையை எடுத்தார்கள், 2012-ல் பிட்ஸ்பர்க் தலைமையகத்துக்கு 200 மைல் நடந்தார்கள். 2015 மார்ச்சில் வங்கி இறங்கி வந்தது: உற்பத்தியில் 25 விழுக்காடோ அதற்கு மேலோ மலையுச்சித் தகர்ப்பிலிருந்து எடுக்கும் நிறுவனத்துக்குக் கடன் இல்லை. ஓட்டை அந்த 25-ல்தான் இருக்கிறது. பல வகைச் சுரங்கம் வைத்திருக்கும் பெருநிறுவனம் அதற்குக் கீழே சுலபமாகப் புகுந்துவிடும். ஐந்தாண்டு உழைப்புக்குக் கிடைத்தது கடன் வாங்கும் செலவைக் கூட்டும் ஓர் அழுத்தம். குறிப்பிட்ட ஒரு மலையை அது காப்பாற்றாது.

மறியல் நேர்மாறு: குறிப்பிட்ட மலையில், குறிப்பிட்ட நாளில் வேலையை நிறுத்தும். மரத்தின் மேல் ஆள் இருந்தால் பக்கத்தில் வெடிவைக்க முடியாது என்பதால், 2011-ல் கோல் ரிவர் மலையில் ஒரு மர மறியல் 30 நாள் தாக்குப்பிடித்தது. இறங்கியதும் வேலை தொடர்ந்தது. 2012-ல் ஹோபெட் சுரங்கத்தில் கைதான ஏறக்குறைய 20 பேருக்குத் தலைக்கு 25,000 டாலர் ஜாமீன். சிறிய அமைப்பின் ஓராண்டு ஆய்வகச் செலவை ஒரே பிற்பகலில் விழுங்கும் தொகை அது. வெளியூர்க்காரர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். சுரங்கத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கோபம் ஊர்க்காரர் வாசலில்தான் நிற்கும்.

ஆனால் கேட்பது மலையை அல்ல, எல்லோருக்கும் சட்டென்று புரியும் ஒன்றை என்றால் மறியல் பலிக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ஷ் ஃபோர்க் தொடக்கப் பள்ளிக்கு 225 அடி தூரத்தில் நிலக்கரிக் கிடங்கு, மேலே 280 கோடி கேலன் கொள்ளளவுள்ள கழிவுக் குழம்பு அணை. பேத்தியை அங்கே படிக்க வைத்த எட் வைலி என்ற தாத்தா, குழந்தைகளுக்குப் புதிய பள்ளி கேட்டு 2006-ல் வாஷிங்டன் வரை 455 மைல் நடந்தார். 2009 ஜூனில் பள்ளி இருந்த இடத்தில் நடந்த மறியலில் கைதானவர்களில் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் கென் ஹெக்லர் ஒருவர், வயது 94. 2013 ஜனவரியில் குழந்தைகள் வேறு இடத்தில் புதிய பள்ளிக்குப் போனார்கள். அணை அங்கேயே இருந்தது. அந்தக் குழந்தைகள் அதன் கீழே இல்லை, அது சிறிய விஷயமல்ல.

பத்துப் பேருக்கு எது?

விண்ணப்பம் இன்னும் வரவில்லை, மாநிலத்திலோ பூங்காத் துறையிலோ ஆதரவு உண்டு என்றால் மனு. மற்ற எல்லா நிலையிலும் தண்ணீர்தான். கோப்பு படிக்க இரண்டு பேர், மாதிரி எடுக்க இரண்டு பேர், வழக்கறிஞரோடு பேச ஒருவர் என்று ஐந்து பேரால் நடக்கும். அனுமதி வழக்கு நடந்தால் அது வாங்கிக் கொடுக்கும் ஆண்டுகளில், சுரங்கம் தொடங்கும் முன்னரே அடிப்படை அளவுகளை எடுத்து வைத்துவிடலாம். இது இல்லாமல் தொடங்கும் தண்ணீர் வழக்குகள் பாதியில் திணறும்.

அந்தக் குறிப்பேடு வெடிச்சத்தம் நின்ற பிறகும் பயன்படும். நிலத்தைச் சீரமைத்துவிட்டதாகச் சொல்லி நிறுவனம் தன் பிணைத்தொகையைத் திரும்பக் கேட்கும்போது, அதே பத்திரிகையில், அதே பொடி எழுத்தில், மறுபடியும் நான்கு வாரம் அறிவிப்பு வரும். ஆட்சேபிக்க மறுபடியும் 30 நாள். மேடு நிரவிய உடனேயே 60 விழுக்காடு வரை விடுவிக்கலாம்; மீதியின் கடைசிப் பங்கு, செடி நட்டு ஐந்தாண்டு கழித்து. அந்த ஐந்தாண்டும் ஒரே பாலத்தில் நின்று, கோடை முடிவில் எடுத்த செலினிய அளவுகளைத் தேதிவாரியாக ஆட்சேபத்தோடு இணைத்து அனுப்புங்கள். தண்ணீர் வரம்புக்குள் வராத இடத்தில் அந்தக் கடைசிப் பங்கை விடுவிக்கச் சட்டம் இடம் தரவில்லை.