ஒரு வருட வெல்டிங் ‘டிப்ளமோ’வுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் பிளஸ் டூ முடிக்கப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக எழுதுகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் உள்ள ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் என் அக்கா மகன் ஒரு வருடம் படித்தான். கட்டிய பணம் மொத்தம் ஒரு லட்சத்து ஐந்தாயிரம் ரூபாய். கிடைத்தது எங்கும் எடுபடாத ஒரு சான்றிதழ். வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

கைத்தொழில் படிக்காதீர்கள், காலேஜுக்கே அனுப்புங்கள் என்று சொல்ல வரவில்லை. நானே நாகர்கோவில் கோணம் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். ஓமனில் சோஹாரில் பைப் ஃபேப்ரிகேட்டராக வேலை பார்க்கிறேன். எங்கள் சைட்டில் நல்ல டிக் வெல்டருக்கு (ஆர்கான் வாயு வைத்து நுணுக்கமாக வெல்ட் செய்பவர்) புதிதாக வரும் சூப்பர்வைசரைவிடச் சம்பளம் அதிகம். அதனால்தான் இவர்கள் மேல் கோபம் கூடுதலாக வருகிறது.

2024 மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. அடுத்த வாரமே அக்கா வீட்டுக்கு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். பையனின் பெயர், பள்ளி, அத்தானின் போன் நம்பர் எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. அத்தானுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. பையன் வாங்கிய மார்க்குக்கு ஏதாவது ஒரு சுயநிதி இன்ஜினியரிங் காலேஜில் சீட் கிடைத்திருக்கும். நாலு வருடம் பீஸ் எப்படிக் கட்டுவது என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். வந்தவர்கள் அந்த இடத்தில் சரியாகக் கை வைத்தார்கள்.

“நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டு பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு நிக்கப் போறானா சேட்டா? ஒரு வருஷம் வெல்டிங் டிப்ளமோ. அது முடிஞ்சா நாங்களே கல்ஃபுக்கு அனுப்புவோம். சென்ட்ரல் கவர்மென்ட் அங்கீகாரம். நூறு சதவீதம் வேலை.”

இதில் முதல் வாக்கியம் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. நம்ம மாவட்டத்தில் பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு மொபைல் கடையில் நிற்கும் பையன்களை எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு உண்மையைக் காட்டித்தான் மிச்சத்தை விற்கிறார்கள். எண்பத்தைந்தாயிரம் பீஸ், பிறகு ‘பிளேஸ்மென்ட் சார்ஜ்’ என்று இருபதாயிரம். அக்கா நகையை அடகு வைத்துக் கட்டினாள். சேரும்போதே டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அங்கீகாரத்தைக் கேட்டால் ரிசப்ஷன் சுவரைக் காட்டுவார்களாம். பின்னால் நான் போனபோது அதைப் பார்த்தேன். ஃபிரேம் போட்டு மூன்று மாட்டியிருந்தது. ஒன்று உத்யம் பதிவு. சின்னத் தொழில் நடத்துகிற யார் வேண்டுமானாலும் ஆதார் நம்பரைக் கொடுத்து ஆன்லைனில் இலவசமாக வாங்கலாம். மாவு மில்லுக்கும் அதே பதிவுதான். இன்னொன்று ஐ.எஸ்.ஓ. 9001. அது நிர்வாக முறையின் தரம் பற்றியது, அதைத் தருவதும் தனியார் ஏஜென்சிகள்தான். மூன்றாவது, டிரஸ்ட் பதிவு செய்த பத்திரம். மூன்றிலும் எங்காவது ஒரு சிங்க முத்திரையோ அரசின் பெயரோ இருக்கும். பால்வெட்டப் போகிற மனிதர் அதைப் பார்த்துவிட்டு வேறு என்ன கேட்பார்?

இந்தியாவில் ஐ.டி.ஐ. படிப்புக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ் தேசியத் தொழிற்சான்றிதழ், அதாவது என்.டி.சி. மத்திய திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் உள்ள பயிற்சி இயக்குநரகத்தின் (டி.ஜி.டி.) பாடத்திட்டப்படி படித்து, அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதி வாங்குவது. என்.சி.வி.டி. என்று ஊரில் சொல்வது இதைத்தான். மாநிலக் கவுன்சில் தருவது எஸ்.சி.வி.டி. அரசு ஐ.டி.ஐ.யோ தனியார் ஐ.டி.ஐ.யோ, அங்கீகாரம் உள்ள ஒவ்வொன்றுக்கும் எம்.ஐ.எஸ். கோடு என்று ஒரு பதிவு எண் உண்டு. எந்தத் தொழிற்பிரிவுக்கு அனுமதி என்பதும் அதோடு சேர்ந்தே இருக்கும். எலக்ட்ரீசியனுக்கு அனுமதி வாங்கிவிட்டு வெல்டருக்கும் ஆள் சேர்த்தால் அதில் தெரிந்துவிடும். ‘உங்கள் எம்.ஐ.எஸ். கோடு என்ன?’ என்று நான் கேட்டபோது அந்த மேனேஜர், “அது பழைய சிஸ்டம், நாங்க நேரடி சென்ட்ரல்” என்றார். அப்படி ஒன்று கிடையாது.

குறுகிய காலத் திறன் பயிற்சிக்கும் அரசின் அங்கீகாரம் உண்டு. அதை ஒழுங்குபடுத்த என்.சி.வி.இ.டி. என்ற தேசியக் கவுன்சில் இருக்கிறது. பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவில் படித்தால் பயிற்சியே இலவசம். ஆனால் அந்தச் சான்றிதழை ஐ.டி.ஐ.க்குச் சமம் என்று காட்ட முடியாது. எண்பத்தைந்தாயிரம் வாங்கிக்கொண்டு அதையாவது தருகிறார்களா என்று பார்த்தேன். அதுவும் இல்லை.

சரி, சான்றிதழ் போகட்டும், வேலையையாவது கற்றுக்கொடுத்தார்களா?

2025-இல் லீவுக்கு ஊருக்கு வந்தபோது பையன் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினான். ‘6ஜி பைப் வெல்டர்’ என்று தங்க எழுத்தில் அடித்திருந்தது. “மக்களே, 6ஜி-ன்னா பைப் எப்படி நிக்கும்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மாமா, அவங்க பைப்பே தரல்ல” என்றான்.

6ஜி என்பது பைப்பை 45 டிகிரி சாய்த்துப் பொருத்தி, அதைச் சுழற்றாமல் சுற்றிலும் வெல்ட் செய்வது. கீழே, பக்கவாட்டில், மேலே என்று எல்லா நிலையும் ஒரே ஜாயின்டில் வந்துவிடும். ரூட், அதாவது அடியில் போடும் முதல் வெல்ட், பெரும்பாலும் டிக்கில் போடுவார்கள்; அதற்கு மேல் நிரப்பி மூடுகிற ஃபில்லிங்கும் கேப்பிங்கும் 7018 என்ற வெல்டிங் ராடில். 7018 ஈரம் இழுக்கிற ராடு. அதை ஓவனில் சூடாக்கி எடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் வெல்டில் விரிசல் வரலாம். இவன் படித்த இடத்தில் ஓவன் இல்லை. டிக் மெஷின் ஒன்று இருந்ததாம், உறை போட்டு மூலையில். ஆர்கான் சிலிண்டர் காலி. சேர வரும் பெற்றோருக்கு மட்டும் உறையை எடுத்துக் காட்டுவார்களாம். முதல் சில மாதம் வகுப்பறையில் ஸ்போக்கன் இங்கிலீஷும் பெர்சனாலிட்டி டெவலப்மென்டும். பிறகு கேட், கிரில் அடிக்கிற 6013 ராடும் துண்டுத் தகடும். அதையும் நாற்பது பையன்கள் நாலு மெஷினில் மாறி மாறிச் செய்ய வேண்டும். ஹெல்மெட் பற்றாமல் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததில் இவனுக்கு வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்து, இரவெல்லாம் கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல எரிந்து தூங்காமல் கிடந்திருக்கிறான். மறுநாள் வகுப்புக்குப் போகாததற்கு ஃபைன் போட்டிருக்கிறார்கள்.

ஏன் பைப் தரவில்லை என்பதற்குக் காரணம் எளிது. வெல்டிங் பயிற்சியில் செலவெல்லாம் பொருளில்தான் இருக்கிறது. பைப்பை வெட்டி, விளிம்பைச் சாய்வாகச் சீவி, ஒரு முறை வெல்ட் செய்தால் அது தீர்ந்தது. ஆர்கான், ஃபில்லர், ராடு, கரன்ட் எல்லாம் தனி. ஒரு பையன் கை நிதானம் வரும் வரை எரித்துத் தள்ள வேண்டும். ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு ஒரு பலகை போதும்.

இந்தச் சான்றிதழோடு கல்ஃபுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன். வெல்டர் வந்து இறங்கியதும் கம்பெனி டெஸ்ட் வைக்கும். இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு பைப் துண்டு, எக்ஸ்ரே அல்லது வளைத்துப் பார்க்கும் சோதனை. ஊரில் வாங்கிய காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கம்பெனி டெஸ்ட்டில் தேறினாலும் ஆறு மாதம் அந்த முறையில் வெல்ட் செய்யாமல் இருந்தால், ஏ.எஸ்.எம்.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி தகுதி காலாவதி. தேறாதவன் ஹெல்ப்பர் சம்பளத்துக்கு நிற்பான், அல்லது திரும்பி வருவான். அதனால் ‘6ஜி சர்ட்டிஃபிகேட்’ தருகிறோம் என்று விளம்பரம் செய்தாலே சந்தேகப்படுங்கள். 6ஜி பழக எத்தனை பைப் துண்டு தருவீர்கள் என்று கேளுங்கள்.

அந்த இருபதாயிரம் ‘பிளேஸ்மென்ட்’ இன்னொரு மோசடி. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க, பதிவு பெற்ற ஏஜென்டாக இருக்க வேண்டும். பட்டியல் மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. அவர்களும் அதிகபட்சம் முப்பதாயிரமும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். எங்களிடம் பணம் வாங்கியவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

குட்டு உடைந்தது கொச்சி ஷிப்யார்டு அப்ரென்டிஸ் விளம்பரத்தில். ஐ.டி.ஐ. அப்ரென்டிஸுக்குப் பத்தாம் வகுப்பும் அந்தத் தொழிலில் என்.டி.சி.யும் வேண்டும். பையன் ஆசையாக விண்ணப்பிக்க உட்கார்ந்தால் என்.டி.சி. நம்பர் இவன் சான்றிதழில் இல்லை. ரயில்வே டெக்னீசியன் வேலைக்கும் இதே கதி, மகேந்திரகிரி இஸ்ரோவில் டெக்னீசியன் வேலைக்கும் இதே கதி. ஒரு வருடமும் ஒரு லட்சமும் போன பிறகு அவன் தகுதி மறுபடியும் வெறும் பிளஸ் டூ.

எரிச்சல் என்னவென்றால், அவன் தேடியது பக்கத்திலேயே இருந்தது. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம். 2024 ஆகஸ்டில் தொடங்கியது, ஐ.டி.ஐ.க்கும் உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டம். வெல்டர் ஒரு வருடம், ஃபிட்டரும் எலக்ட்ரீசியனும் இரண்டு வருடம். கேரளா பக்கம் வீடு இருப்பவர்களுக்குத் தனுவச்சபுரத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. படிப்பைத் தொடர ஆசை இருந்தால், பிளஸ் டூவில் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எடுத்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் அதே வழி இருக்கிறது. அந்த டிப்ளமோவை வைத்து பி.இ. இரண்டாம் வருடம் போகலாம். காலேஜா தொழிலா என்று பதினேழு வயதில் ஒரே நாளில் முடிவு கட்ட வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. அவசரம் இருப்பது சீட் விற்பவனுக்கு.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது எல்லை வேலை செய்ய ஆரம்பித்தது. இந்தப் பக்கம் போலீஸ் ஸ்டேஷனில், சம்பவம் கேரளாவில், அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால், வீட்டுக்கு வந்து பேசியதும் பணம் வாங்கியதும் தமிழ்நாட்டில், அங்கே கொடுங்கள் என்றார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆம் பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும், எல்லையைக் காரணம் காட்டக் கூடாது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் மனுவை வாங்கினார்கள். ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனது. அதுவரை ‘ஹெட் ஆபீசில் இருக்கிறது’ என்று சொல்லப்பட்ட டி.சி.யும் மார்க் ஷீட்டும் அன்று மாலையே கிடைத்தன. ஒரிஜினலை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். மார்க் ஷீட் டிஜிலாக்கரில் இருக்கிறது, சரிபார்க்க அது போதும்.

பணம் இன்னும் வரவில்லை. ரசீதின் பின்பக்கம் ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம், நாகர்கோவிலிலேயே. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தில் போடலாம், எதிர்த்தரப்பு எந்த மாநிலமானாலும் சரி. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. அவர்கள் வக்கீல், ‘இது கல்வி நிறுவனம், நுகர்வோர் சட்டத்தில் வராது’ என்கிறார். 2020-இல் தேசிய ஆணையம் கல்வி நிறுவனங்களை அப்படித்தான் விலக்கி வைத்தது, ஆனால் கோச்சிங் மையங்களை விலக்கவில்லை. எந்த அங்கீகாரமும் இல்லாத ஒன்று எப்படிக் கல்வி நிறுவனம் ஆகும் என்பது எங்கள் வக்கீலின் கேள்வி. சேர்க்கும்போது சென்ட்ரல் அங்கீகாரம் என்றவர்கள், ஆணையத்தில் அதற்கு ஒரு காகிதமாவது காட்ட வேண்டும் இல்லையா? இன்றுவரை காட்டவில்லை.

பையன் இப்போது கோணத்தில் ஃபிட்டர் படிக்கிறான். அந்த நிறுவனம் போர்டில் பெயரை மாற்றிவிட்டது. வெல்டிங்கோடு ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’, ‘ட்ரோன்’ என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இதே மாதிரி பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் ரசீது, விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் வந்த வாக்குறுதி எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு வருடம். அதனால் தள்ளிப்போடாதீர்கள். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், தமிழிலும் பேசுவார்கள்.