நீல விப்பெட்டா, புலிவரி விப்பெட்டா: டர்பன் வெயிலில் ஒரு தேர்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் வளரும் விப்பெட், அதாவது மெலிந்த உடலும் குட்டை முடியும் கொண்ட ஓட்ட நாய், இது இரண்டாவது. முதலில் வளர்த்தது நீலம். இப்போதிருப்பது செவலை உடம்பில் கருங்கோடுகள் ஓடும் புலிவரி, அதாவது நாய் வளர்ப்போர் பிரிண்டில் என்று சொல்லும் நிறம். இரண்டையும் வளர்த்துப் பார்த்த பிறகு நான் புலிவரியின் பக்கமே நிற்கிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டத்திலும் குணத்திலும் உணவிலும் இரண்டுக்கும் வேறுபாடு கண்டதில்லை. கண்காட்சிக்குக் கொண்டுபோக விரும்புவோருக்கும் தடை இல்லை. விப்பெட்டுக்கான தர வரையறை மெர்ல் என்னும் திட்டுத்திட்டான நிறவகை நீங்கலாக எல்லா நிறங்களையும் ஏற்கிறது. ஆகவே உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: தோல் பராமரிப்பு.

நீலம் என்று தனியாக ஒரு நிறமி கிடையாது. நாயின் முடிக்கு நிறம் தருபவை கறுப்புக்கான யூமெலனினும் செம்மஞ்சளுக்கான பியோமெலனினும் மட்டுமே. அந்த வகையில் நீல நாய் என்பது உண்மையில் ஒரு கறுப்பு நாய்தான். நிறமித் துகள்களைச் செல்லுக்குள் கொண்டுசென்று முடியில் சீராகப் பரவச் செய்யும் வேலையில் மெலனோஃபிலின் என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு. 25ஆம் குரோமோசோமில் இருக்கும் அதன் மரபணு பழுதுபட்டால், துகள்கள் பரவாமல் ஆங்காங்கே திரண்டுவிடுகின்றன; நிறமி குறையாவிட்டாலும், அது சமமாகப் படியாததால் கறுப்பு நம் கண்ணுக்குச் சாம்பல் நீலமாகத் தெரிகிறது. இது ஒடுங்கு பண்பு என்பதால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். ஒவ்வொரு பிரதியை ஒளித்துவைத்திருக்கும் இரண்டு கறுப்பு நாய்கள் இணைந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இரண்டு நீல நாய்களை இணைத்தால் குட்டிகள் அத்தனையும் மங்கிய நிறத்தோடுதான் பிறக்கும். இது அன்று எனக்குத் தெரிந்திருந்தால், ‘அரிய நிறம்’ என்ற சொல்லுக்காக மற்றக் குட்டிகளைவிடக் கூடுதலான ராண்டை எண்ணிக் கொடுத்திருக்க மாட்டேன்.

குட்டிக்கு ஒன்றரை வயது இருக்கும்; தைப்பூசக் காவடி முடிந்த மறுவாரம். வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா வராந்தாவில் உட்கார்ந்து அதன் முதுகைத் தடவியவர், கையை எடுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, கோரைப்பாயைத் தடவுற மாதிரி இருக்கே, பார்த்தியா?” என்றார். அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்தவை வேரோடு உதிர்ந்த முடிகள் அல்ல, பாதியில் ஒடிந்த துணுக்குகள். வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தபோது முதுகுத்தண்டை ஒட்டி முடி அடர்த்தி குறைந்து, சிறு சிறு பருக்கள் எழும்பியிருந்தன. தலையிலும் கால்களிலும் மார்பின் வெள்ளைத் திட்டிலும் முடி பட்டுப்போலவே இருந்தது. மருத்துவர் முதலில் தைராய்டு குறைபாடு இல்லை என்பதை இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு, சில முடிகளைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். நூலில் கடுகு கோத்தது போல முடியின் நடுத்தண்டில் கருப்புக் கட்டிகள் வரிசையாக நின்றன. கட்டி இருந்த இடத்தில் தண்டு புடைத்து, சில முடிகள் அங்கேயே முறிந்திருந்தன. நிறத்தை நீலமாக்கிய அதே திரட்சிதான் முடியையும் ஒடித்துக்கொண்டிருந்தது.

மங்கல் நிற முடியுதிர்வு என்று சொல்லத்தக்க இந்த நோய்க்குத் தீர்வான மருந்து இல்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தொடங்கும். உயிரை எடுக்காது, ஆனால் போன முடி முழுதாகத் திரும்புவதும் இல்லை. பிறகு நடந்ததெல்லாம் பராமரிப்புதான். வாரம் இருமுறை மருந்து ஷாம்பூ போட்டு, நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நாய் நடுங்காமல் மடியில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களின் ஈரப்புழுக்கத்தில் அந்தப் பருக்கள் சீழ்கட்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை. முடியற்ற முதுகு வெயிலில் கருகாதிருக்கக் கோடையில் மெல்லிய சட்டை, குளிருக்கு ஜூலையில் கம்பளிச் சட்டை. பதினோரு வயதுவரை அது எங்களோடு இருந்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இதே வேலைதான்.

நீலமாகப் பிறக்கும் எல்லா நாய்க்கும் இது வரும் என்று நான் சொல்லவில்லை; நான் வளர்த்த நீல நாய் ஒன்றே ஒன்றுதான். வைமரானர் இனம் முழுவதும் இதே மங்கல் மரபணுவைச் சுமந்தும் பெரும்பாலும் முடி கெடாமல் இருப்பதைப் பார்த்தால், பழுதான மெலனோஃபிலின் மட்டுமே காரணம் என்றும் கூற முடியாது. ஆனால் இத்தாலியன் கிரேஹவுண்ட், விப்பெட் போன்ற இனங்களின் நீல நாய்களில் இது காணப்படுகிறது என்பதும், மங்காத நிறமுள்ள நாய்க்கு இந்த நோய் வருவதில்லை என்பதும் எனக்குத் தேர்வைச் சுலபமாக்கின.

புலிவரியின் கதை வேறு. அது 16ஆம் குரோமோசோமில், கிருமிகளை எதிர்க்கும் டிஃபென்சின் குடும்பப் புரதம் ஒன்றின் மரபணுவிலிருந்து வருகிறது. நாய்களின் கறுப்பு நிறத்தில் அந்த மரபணுவுக்குள்ள பங்கு 2007இல் வெளியானது. அந்த மரபணுவின் மாற்று வடிவங்களில், அதாவது அல்லீல்களில், கறுப்பு அல்லீல் எல்லாவற்றுக்கும் மேல். அதற்கு அடுத்தது புலிவரி. கடைசியாக, செவலையைத் தடுக்காமல் விட்டுவிடும் அல்லீல். மேலே கறுப்பு அல்லீல் இல்லாதபோது புலிவரிக்கு ஒரு பிரதியே போதும். மஞ்சள் வந்திருக்க வேண்டிய இடத்தில் கோடு கோடாகக் கறுப்பு வருகிறது, அவ்வளவுதான். துகள்கள் வழக்கம்போலப் பரவுகின்றன, முடித்தண்டு பலமாக இருக்கிறது. எங்கள் புலிவரிக்கு இப்போது நான்கு வயது. மாதம் ஒரு குளியலும் ரப்பர் கையுறையால் ஒரு தேய்ப்பும் தவிர அதன் முடிக்காக நாங்கள் வேறு எதுவும் செய்ததில்லை.

குட்டி பார்க்கப் போகும் ஒருவர் நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், மூக்கைப் பார்ப்பதை வைத்துக்கொள்ள வேண்டும். மங்கல் மரபணு கறுப்பு நாய்க்கு மட்டும் உரியதல்ல. செவலையிலும் புலிவரியிலும் அது புகுந்துகொள்ளும். செவலையில் கறுப்பு நிறமி குறைவு என்பதால் உடம்பைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் மூக்கு நுனியும் கண் இமை ஓரமும் கரி போலிருக்காமல் சிலேட்டுப் பலகை நிறத்தில் இருந்தால், அந்தக் குட்டியும் மங்கல் நாய்தான். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பும் மரபணுப் பரிசோதனையும் உண்டு. இந்த மரபணுவில் அறியப்பட்ட பழுதுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை, ஸ்லூகி போன்ற வேட்டை நாய் இனங்களில் பின்னாளில் கண்டறியப்பட்டதும் அவற்றில் ஒன்று. எனவே ஆய்வகம் எவற்றைச் சோதிக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வெள்ளை மிகுந்த விப்பெட்டை நான் வளர்த்ததில்லை என்பதால் அதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வெள்ளைத் திட்டு 20ஆம் குரோமோசோமின் எம்.ஐ.டி.எஃப். மரபணுவைச் சார்ந்தது, அந்த இடத்தில் நிறமிச் செல்களே வந்து சேர்வதில்லை. தமிழ்நாட்டின் ராஜபாளையம் நாயை அறிந்தவர்களுக்கு வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் காது கேளாமையும் சேர்ந்து வரக்கூடும் என்பது தெரிந்திருக்கும். முடி மெலிந்த வெள்ளைத் தோலில் ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் இரத்தக்குழாய்ப் புற்றுக்கட்டிகள் வரும் ஆபத்து உண்டு. விப்பெட் மல்லாந்து படுத்து வெயில் காயும் வழக்கமுடையது என்பதால் வயிறுதான் முதலில் அடிபடும்.

எங்கள் புலிவரிக்கும் அடிவயிறு வெள்ளைதான். காலை பத்து மணிக்கு வராந்தாவின் மூங்கில் திரையை இறக்குகிறோம். பிற்பகல் மூன்றுக்குத்தான் ஏற்றுகிறோம். கடற்கரைக்கு அழைத்துப் போகும் நாளில் துத்தநாக ஆக்சைடு கலக்காத, நாய்களுக்கான வெயில் களிம்பைப் பூசுகிறோம், ஏனெனில் பூசியதை நக்கி விழுங்கினால் துத்தநாகம் நாய்க்கு நஞ்சு. சனிக்கிழமைகளில் அதை மல்லாத்திப் போட்டு, வயிற்றில் புதிதாகச் சிவப்புப் புள்ளி ஏதும் தோன்றியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது என் மகளின் வேலை.