பெரிய அடிக்கட்டை, சின்ன டிராக்டர்: எந்த வழி சரிப்படும்?

மரத்தை வெட்டி, விறகையும் ஏற்றியாயிற்று. இரண்டடி குறுக்களவுள்ள அடிக்கட்டை மட்டும் நிலத்தில் நிற்கிறது. கையில் இருப்பதோ 25 ஹெச்பி மினி டிராக்டர். இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது, கட்டையில் சங்கிலியைச் சுற்றி, டிராக்டரில் மாட்டி இழுத்துப் பார்ப்பதுதான். இருக்கிற வழிகளிலேயே இதைத்தான் நான் கடைசியில் வைப்பேன்.

காரணம் டிராக்டரின் எடை. எத்தனை ஹெச்பி இருந்தாலும், டயர் மண்ணைப் பிடிக்கிற அளவுக்குத்தான் வண்டி இழுக்கும். 1,000 கிலோ எடையுள்ள டிராக்டர், கெட்டியான காய்ந்த தரையில் தன் எடையில் பாதியோ, அதற்குக் கொஞ்சம் மேலோ இழுக்கும். அதாவது 500, 600 கிலோ. அதற்கு மேல் கேட்டால் டயர் சுழன்று தனக்குத்தானே பள்ளம் பறிக்கும், கிளட்ச் சூடேறும். வேர் அறுபடாத பெரிய கட்டையோ பல டன் விசைக்கும் அசையாமல் நிற்கும். ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி போதும்: இது இழுவையைப் பெருக்குகிறதா, இல்லை கட்டையின் பிடிப்பைக் குறைக்கிறதா? வெறும் சங்கிலி இரண்டையும் செய்வதில்லை.

சங்கிலி கட்டி நேரே இழுப்பது

அரையடி குறுக்களவுக்குள் இருக்கும் கட்டை, அல்லது வேரெல்லாம் அறுத்து முடிந்த கட்டை என்றால் இது போதும். மற்றபடி பலனைவிட ஆபத்துதான் அதிகம். சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே எங்கே மாட்டினாலும், கட்டை அசையாதபோது முன்சக்கரம் தூக்கும். டிராக்டர் அப்படியே பின்பக்கமாகப் புரளும். திரும்பக் கொண்டுவர முடியாத நிலையை அது முக்கால் விநாடியில் எட்டிவிடும் என்று பாதுகாப்புப் பயிற்சிகளில் சொல்வார்கள். ஓட்டுபவர் உணர்ந்து கிளட்சை மிதிக்கக்கூட அந்த நேரம் போதாது. அதனால் டிராபாரில் (பின்பக்கம் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பி) மட்டும், அச்சுக்குக் கீழே மட்டும் மாட்டுங்கள். கருவிகளை மேலே பிடிக்கும் டாப் லிங்க் இடத்தில் மாட்டவே கூடாது. உருளல் தடுப்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் இல்லாத வண்டியில் இந்த வேலையே வேண்டாம்.

இன்னொன்று, தளர்வு விட்டு ‘வெடுக்’கென்று இழுக்கிற பழக்கம். சங்கிலி அறுந்தால் கொக்கி எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. நைலான் கயிறு இன்னும் மோசம். நீண்டு இழுபட்டு, அறுந்ததும் அத்தனை விசையோடும் திரும்பி வரும். மெதுவாக இறுக்கி, மெதுவாகவே இழுங்கள். சுற்றி யாரும் நிற்க வேண்டாம்.

மரத்தை இன்னும் வெட்டவில்லை என்றால் ஒரு யோசனை. தரையோடு வெட்டாமல் நான்கைந்து அடி உயரம் விட்டுவிடுங்கள். அதன் உச்சியில் வடத்தைக் கட்டினால் கட்டையே நெம்புகோல் ஆகிவிடும். ஆனால் வடம் குட்டையாக இருந்தால் அது மேல்நோக்கிச் சாய்ந்து, டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பைக் குறைக்கும். பத்து மீட்டராவது நீளம் இருந்தால் சாய்வு குறையும், கட்டை சாயும்போது வண்டியும் எட்டத்தில் இருக்கும்.

கப்பியும் கை வின்சும்

இழுவையைப் பெருக்க மலிவான வழி கப்பி. அதைக் கட்டையில் மாட்டி, வடத்தின் ஒரு முனையை உறுதியான வேறொரு மரத்தில் கட்டி, மறுமுனையை டிராக்டர் இழுக்கும்படி வைத்தால் கட்டைமேல் விழும் விசை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். டிராக்டர் இரண்டு மீட்டர் நகர்ந்தால் கட்டை ஒரு மீட்டர் வரும். கப்பியை மரத்தில் மாட்டி வடத்தைத் திருப்பிவிட்டால் மட்டும் இந்தப் பலன் கிடைக்காது. திசை மாறும், விசை கூடாது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

இரட்டித்தாலும் ஒரு டன்னைத்தான் தொடுகிறோம். அதனால் டிராக்டரை நிறுத்திவிட்டு, நெம்புகோலை ஆட்டி வடத்தை இழுக்கிற கை வின்சை எடுப்பது எனக்கு இன்னும் பிடித்த வழி. டிர்ஃபோர் என்று சொல்வார்களே, அதே வகை. 1.6 டன், 3.2 டன் திறனில் கிடைக்கும். 1.6 டன் வின்சோடு ஒரு கப்பி சேர்த்தால் மூன்று டன்னுக்குக் கிட்டே வரும். வேகம் கிடையாது, ஆனால் கட்டுப்பாடு உண்டு. கொஞ்சம் இறுக்கலாம், நிறுத்தலாம், எந்த வேர் விறைத்து நிற்கிறது என்று பார்த்து அதை அறுத்துவிட்டு மறுபடி இறுக்கலாம். விறைத்த வேர் அறுபடும்போது தெறிக்கும், ஆகவே அறுக்கும் முன் இறுக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வின்சின் மறுமுனையை டிராக்டரில் கட்டலாமே என்று தோன்றும். கட்ட வேண்டாம், கட்டை வருவதற்குப் பதில் டிராக்டர்தான் கட்டையை நோக்கி வரும்.

பேக்ஹோ: தோண்டி, ஒவ்வொரு வேராக அறுப்பது

என் ஓட்டு இதற்குத்தான். டிராக்டரின் பின்னால் மாட்டும் தோண்டும் கைதான் பேக்ஹோ. சின்ன டிராக்டருக்கான பேக்ஹோவின் தோண்டும் விசை, தோராயமாக ஒரு டன். கேட்க இதுவும் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு டன் ஒரு நேரத்தில் ஒரு வேர்மேல் மட்டும் விழுகிறது. முழுக் கட்டையோடு மல்லுக்கட்டாமல் அதைப் பிடித்திருக்கும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவது போன்ற வேலை.

பெரும்பாலான மரங்களின் பக்கவேர்கள் மேல் இரண்டடி மண்ணிலேயே படர்ந்திருக்கும். எனவே கட்டையிலிருந்து இரண்டு, மூன்று அடி தள்ளி, சுற்றிலும் அகழி போலத் தோண்டுங்கள். மெல்லிய வேர்களை பக்கெட்டின் பல்லே அறுத்துவிடும். கனத்த வேர் வந்தால் அதோடு போராடாதீர்கள். மண்ணைக் கழுவிவிட்டு, இறங்கிப்போய்க் கோடாரியாலோ ரம்பத்தாலோ வெட்டுங்கள். மண் ஒட்டிய வேரில் செயின் ரம்பத்தை வைத்தால் சங்கிலி உடனே மழுங்கும். பேக்ஹோவின் நீண்ட கையான பூமைப் பக்கவாட்டில் வீசிக் கட்டையை அடிப்பதும் கூடாது, அந்த இணைப்புகள் அதற்குச் செய்யப்பட்டவை இல்லை. சுற்று முடிந்ததும் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகப் பறித்து அடியில் போனால் ஆணிவேர் கைக்கு எட்டும். அதை அறுத்த பிறகு, முன்பு அசையாத கட்டையை அதே டிராக்டர் அதே சங்கிலியால் இழுத்துவிடும்.

பேக்ஹோ வாங்குவதாக இருந்தால் பொருத்தும் முறையைக் கவனியுங்கள். கலப்பை போன்ற கருவிகளை மாட்டும் பின்பக்க மூன்று புள்ளி இணைப்பில் மட்டும் தொங்குகிற வகையில், தோண்டும் அதிர்ச்சியெல்லாம் டிராக்டரின் பின்பக்க வார்ப்பிலேயே இறங்கும். வண்டிக்கு அடியில் தனிச் சட்டம் வைத்துப் பொருத்துவதுதான் இந்த வேலைக்குத் தாங்கும். பேக்ஹோ இல்லையா? கடப்பாறையும் மண்வெட்டியும் வைத்து இதே வரிசையில் செய்யலாம். நேரம் கூடும், முறை மாறாது. முன் லோடரால் தள்ளிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். பக்கெட்டின் முனையும் முன் அச்சும் அந்தப் பளுவுக்கு ஏற்றவை இல்லை.

கட்டை அரைக்கும் எந்திரம்

டிராக்டரின் பின்னால் நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் பி.டி.ஓ. தண்டில் இணைத்து ஓட்டும் பல் சக்கரம், கட்டையைத் தூளாக்கிக்கொண்டே தரைக்குக் கீழே 20, 30 செ.மீ. வரை போகும். சுவர், தண்ணீர்க் குழாய், பாதை ஓரம் என்று குழி பறிக்க முடியாத இடத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் வேர் உள்ளேயே இருக்கும். அங்கே ஆழ உழவோ கட்டடமோ வரப்போகிறது என்றால் இது பாதி வேலைதான். கல்லும் பழைய ஆணியும் பற்களைத் தின்றுவிடும், அதனால் கட்டையைச் சுற்றி முதலில் சுத்தம் செய்யுங்கள். குவியும் தூளை மண்ணோடு கலக்காமல் வேறிடத்தில் மூடாக்காகப் போடுங்கள்; கலந்தால் அது மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

மக்கவிடுவது, எரிப்பது

பொட்டாசியம் நைட்ரேட் போட்டால் மக்குவது வேகமாகும் என்பார்கள், அப்படியும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எரித்தாலோ, நெருப்பு வேரோடு மண்ணுக்குள் நாள்கணக்கில் கனன்று எதிர்பாராத இடத்தில் வெளிவரலாம். தென்னைக்கு மக்கவிடும் யோசனையே வேண்டாம். மக்கும் கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும்.

மரத்தைப் பொறுத்தும் முடிவு மாறும். தென்னைக்கு ஆணிவேர் இல்லை, சல்லிவேர்க் கொத்துதான். சுற்றி அகழி வெட்டினால் கப்பியே போதும். யூகலிப்டஸ், வேம்பு, சீமைக்கருவேலம் போன்றவை கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். மேலோட்டமாக அரைத்து விட்டால் திரும்ப வந்து நிற்கும், ஆகவே தோண்டி எடுப்பதே நல்லது. மண் ஈரமாக இருந்தால் வேர் எளிதில் விடும், டயரின் பிடிப்போ போய்விடும். கட்டையைச் சுற்றி மட்டும் தண்ணீர் விட்டு ஊறவைத்து, நீளமான வடத்தோடு டிராக்டரைக் காய்ந்த தரையில் நிறுத்தினால் இரண்டும் கிடைக்கும்.

வெளியே வந்த கட்டை, ஒட்டிய மண்ணோடு அரை டன்னைக்கூடத் தாண்டலாம். லோடரில் உடனே தூக்காமல், குழிக்குப் பக்கத்திலேயே கவிழ்த்துப் போட்டு மண்ணைத் தட்டி, ஓரிரு மழை நனையவிட்டு, பிறகு நகர்த்துங்கள். குழியை அடுக்கடுக்காக மிதித்து நிரப்பினாலும் மண் இறங்கத்தான் செய்யும், ஒரு சாண் மேடாகவே விட்டுவிடுங்கள்.