விபாசனா பத்து நாள் முகாம்: சிறை மீண்ட குடிநோயாளிக்குச் சரிப்படுமா?

விபாசனா என்பது மூச்சையும் உடலின் உணர்ச்சிகளையும் கவனிக்கும் தியானம். நேற்றுவரை குடித்தவரை அதன் பத்து நாள் முகாமுக்கு அனுப்பாதீர்கள். குடியைச் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளில் வலிப்பும், அடுத்த 2 நாளில் நடுக்கத்தோடு மனப்பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. முகாம் மருத்துவமனை அல்ல. ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்து சில வாரம் தெளிவாக இருந்த பிறகு விண்ணப்பிக்கலாம். படிவத்தில் போதைப் பழக்கத்தையும் மனநல மாத்திரைகளையும் மறைக்கக் கூடாது. முகாமுக்காக மாத்திரையை நிறுத்துவது அதைவிட மோசம்.

காலை 4 மணிக்கு எழுப்புவார்கள். ஒரு நாளில் சுமார் 10 மணி நேரம் தியானம், காலை 6.30 மணிக்குச் சிற்றுண்டி, 11 மணிக்கு மதியச் சாப்பாடு, மாலை 5 மணிக்குத் தேநீரும் பழமும், அவ்வளவுதான். பேச்சு கிடையாது, பீடியும் புகையிலையும் கிடையாது. முதல் மூன்றரை நாள் மூச்சு மட்டும். நான்காம் நாள்தான் உடலின் உணர்ச்சிகளைக் கவனிக்கும் பயிற்சி. அன்றிலிருந்து தினம் மூன்று முறை ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். போதைக்காரருக்குப் பயன்படும் இடம் இதுதான். குடிக்கத் தோன்றுவதும் நெஞ்சில் இறுக்கமாக, வாயில் வறட்சியாக எழுந்து அடங்கும் உணர்ச்சிதான் என்று உடம்பே கற்றுக்கொள்கிறது. கால் மரத்துப்போய்ப் பாதியில் கிளம்ப நினைப்பவர்களும் உண்டு.

மதச்சார்பற்றது என்கிறார்கள். அது பாதி உண்மை. சடங்கு இல்லை, ஆனால் முதல் மாலையே பாலி மொழியில் புத்தர், தம்மம், சங்கம் என்ற பௌத்த மும்மணிகளிடம் சரணம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அலபாமாவில் டொனால்ட்சன் சிறையில் 2002இல் தொடங்கிய முகாம் மத ஆட்சேபத்தால் நின்று, 2006இல்தான் திரும்ப வந்தது. டெல்லி திகார் சிறையிலோ 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒன்றாகத் தியானத்தில் உட்கார்ந்தார்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் சிறை ஆய்வில் (2006), முகாமுக்குப் போனவர்கள் விடுதலைக்குப் பின் குடியும் கொக்கைனும் குறைவாகவே எடுத்தார்கள். ஆனால் அவர்கள் தாமாக முன்வந்தவர்கள். கட்டாயப்படுத்தி அனுப்பப்படுபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பெரிய குறை பதினோராம் நாளில் தெரியும். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் வீட்டில் உட்காரச் சொல்லி அனுப்புவார்கள். உட்கார்ந்தாரா என்று கேட்க ஆளில்லை. அதே தெரு, அதே கூட்டாளிகள், வேலையும் இல்லை. குடியிலிருந்து மீள்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் இரவு பதினொன்றுக்கும் போனில் கூப்பிட ஒரு வழிகாட்டி இருப்பார். முகாம் முடிந்த வாரமே அந்தக் கூட்டத்திலும் சேர்த்துவிடுங்கள்.

கட்டணம் கிடையாது. முகாமை முடித்தவர் விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம்.