நைட் டூட்டிக்காரர்களுக்கு நிகோடின் சூயிங்கம்: நல்ல பொருள், மெல்லத் தெரிந்தால்

காரைக்குடியில் ஆஸ்பத்திரி எதிரே உள்ள டீக்கடைகளில் விடியற்காலை மூன்று மணிக்குப் புகை விட்டு நிற்பவர்களில் வார்டு அட்டெண்டரும் உண்டு, ஆம்புலன்ஸ் டிரைவரும் உண்டு. நோயாளியிடம் "சிகரெட்டை விடுங்கய்யா" என்று சொல்ல வேண்டிய இவர்களில் பலர் மெடிக்கலில் சிகரெட் பழக்கத்தை நிறுத்த உதவும் 2 மில்லிகிராம் நிகோடின் கம் வாங்கி, இரண்டே நாளில் "சரிப்பட்டு வரல" என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் கோளாறு மெல்லுகிற விதத்தில்தான்.

சாதாரண பபிள்கம் போல விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், ஆசையோ அடங்காது. கன்னத்தின் உட்தோல் வழியாக ரத்தத்தில் சேர்ந்தால்தான் பலன். மெதுவாக மெல்லுங்கள், மிளகைக் கடித்தது போல நாக்கில் சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். சுருக்கு அடங்கியதும் மறுபடி நாலு மெல், அடுத்த கன்னத்தில் ஒதுக்கல். இப்படி 30 நிமிடம்.

இன்னொரு எதிரி கையிலிருக்கும் டீ கிளாஸ். டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் எல்லாம் வாயைப் புளிப்பாக்கி நிகோடின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். புளிக்குழம்புச் சாப்பாட்டுக்கும் இது பொருந்தும். வாய் கொப்பளித்து 15 நிமிடம் கழித்தே கம். வாயில் கம் இருக்கும்போது தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

கண் விழித்த அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால் 2 மில்லிகிராம் போதாது. 4 மில்லிகிராம் வேண்டும், அதற்கு டாக்டர் சீட்டு தேவை. நைட் முடித்துச் சாயங்காலம் நாலு மணிக்கு எழுபவருக்கு இந்தக் கணக்கு நாலு மணியிலிருந்துதான். முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம், அடுத்த 3 வாரம் இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் நாலு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. நாளொன்றுக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. தெம்பு வந்ததும் மூன்றாம் வாரமே நிறுத்துவது வழக்கமான தவறு; பரபரப்பான ஒரு டூட்டி போதும், பழைய இடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும்.

கையுறையைக் கழற்றி, கை கழுவிய பிறகே கம்மைத் தொடுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கணக்கில் நிற்பவர்களுக்கும் பல்செட் போட்டவர்களுக்கும் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச்தான் எங்கள் பரிந்துரை. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். ஆசை முட்டும்போது பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356, தேசிய புகையிலை நிறுத்த உதவி எண். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.